தாள் டீமில் பதினோராவது பெயர்

அந்தக் கவரை மடக்காதீர்கள் தம்பி. எக்ஸ்ரே ஃபிலிமில் மடிப்பு விழுந்தால் டாக்டர் அதையும் முறிவு என்று படித்துவிடுவார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நடந்திருக்கிறது. ஜன்னல் பக்கம் நிமிர்த்தி வையுங்கள். ஆங், அப்படித்தான்.

கோவில்பட்டிதானே? நீங்கள் டிக்கெட் எடுக்கும்போது காதில் விழுந்தது. நானும் அங்கேதான்.

என் பெயர் வள்ளிநாயகம். ஊரில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. படக்காரர் என்று கேளுங்கள், வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். முப்பத்தோரு வருடம் ஒரே ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுத்தேன். மூச்சை இழு, பிடி, விடு. என் வாயால் இந்த மூன்று சொல்லைக் கேட்காத ஆள் எங்கள் ஊரில் குறைவு. இப்போது டிக்கெட் கிழித்துக் கொடுத்தாரே கண்டக்டர், அவருக்கு வலது தோளில் பிளேட் இருக்கிறது. ஆறு ஸ்குரூ. பையை இடது தோளில் மாட்டியிருக்கிறார் பாருங்கள். டிப்போவில் தெரிந்தால் சிக்கல். உங்களோடு இருக்கட்டும்.

நான் யாரிடமும் எதையும் சொல்கிற ஆள் இல்லை தம்பி. அதுதான் என் வருத்தமே. ஒரு வருடமாக ஊரில் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். நான் என்ன செய்தேன் என்று நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் மே மாதம் ஹாக்கிப் போட்டி நடக்கும், தெரிந்திருக்கும். வெளியூர் அணிகள், துறை அணிகள், உள்ளூர் கிளப்புகள் எல்லாம் வரும். நாங்கள் ஒன்பது பேர் அதை வைத்து ஒரு ஆட்டம் ஆடுவோம். தாள் டீம் என்று பெயர். போட்டி தொடங்குவதற்கு முன்னால், வருகிற எல்லா அணியிலிருந்தும் பொறுக்கி ஆளுக்குப் பதினோரு பேரை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் மைதானத்தில் ஆடுவதற்கெல்லாம் நமக்குப் புள்ளி. ஃபீல்டு கோலுக்கு மூன்று, பெனால்டி கார்னர் கோலுக்கு இரண்டு, கோல் விடாத கீப்பருக்கு நான்கு. பச்சை அட்டை வாங்கினால் ஒன்று கழியும். காசு கிடையாது. அதைத் தொட்டதே இல்லை. ஜெயித்தவனுக்கு நிழல் நாற்காலி.

சிரிக்காதீர்கள். மே மாதம் எங்கள் ஊரில் மூன்று மணி ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? மேற்குப் பக்கம் ஒரே ஒரு வாகைமரம். அதன் நிழல் ஒரு நாற்காலிக்குத்தான் காணும். ஜெயித்தவன் அடுத்த வருடப் போட்டி முழுக்க அதில் உட்காருவான். கடைசியாக வந்தவன் எல்லோருக்கும் தண்ணீர் சுமப்பான். மற்ற ஏழு பேரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காய வேண்டியதுதான். ஆறு வருடம் தொடர்ந்து அந்த நாற்காலி எனக்குத்தான்.

எப்படி என்று கேட்கிறீர்களா? கவனிப்பு. வேறொன்றுமில்லை.

ஒவ்வொரு வருடமும் போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் நான் ஒரு முன்னோட்டம் எழுதுவேன். நான்கு தாள். எந்த அணிக்கு எவன் வருகிறான், எவன் கால் எப்படி, எவனை நம்பலாம், எவனை நம்பக்கூடாது. கோமதிநாயகத்தின் தையல் கடையில் வைத்து அதைச் சத்தமாகப் படிப்பேன். கோமதிநாயகம் என் கூட்டாளி. நாற்பது வருடப் பழக்கம். ஊரில் பாதி டீமுக்கு ஜெர்சி தைத்தது அவன்தான். நான் படிக்கப் படிக்க மற்றவர்கள் குறித்துக்கொள்வார்கள். நல்ல ஆட்டக்காரன் எவன் என்று எல்லோருக்கும் தெரியும் தம்பி. எவன் உள்ளுக்குள் உடைந்திருக்கிறான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஹாஸ்டல் பையன்கள், கிளப் பையன்கள், பயிற்சிக்கு வந்து விழுகிற வெளியூர்க்காரர்கள், எல்லோரும் என் மேஜையில் படுத்தவர்கள்தானே?

ஆனால் நோயை எழுத மாட்டேன். அதில் நான் கண்டிப்பு. எல்லாம் மறைபொருளாகத்தான் இருக்கும். கணுக்கால் என்றால் ‘கதவுக் கீல்’ என்று எழுதுவேன். கைவிரல் என்றால் ‘அகப்பைக் காம்பு’. அந்த ஒன்பது பேரைத் தவிர வேறு ஆளுக்கு விளங்காது.

உங்களுக்கு என்ன, மணிக்கட்டா? சும்மா கேட்டேன். கவரில் பெயர் போட்டிருக்கிறதே, அதைப் பார்த்து... சரி, சரி, வைத்துக்கொள்ளுங்கள்.

கோமதிநாயகத்துக்கு ஒரே மகன். இசக்கிராஜா. பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் அடிக்கிறவன். பந்தை ஹாக்கிக் கட்டையிலேயே வைத்து இழுத்துக்கொண்டு வந்து, உடம்பை வில் மாதிரி வளைத்து வீசுவான். கீப்பர் கையைத் தூக்குவதற்குள் கோல் பலகையில் சத்தம் கேட்கும். எங்கள் பக்கத்தில் அவனுக்கு ஈடு கிடையாது. ஒரு துறை அணியில் அவனை எடுப்பதாகப் பேச்சு இருந்தது. எடுத்தால் அரசாங்க வேலை. இருபத்தைந்து வயது முடிவதற்குள் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு கிடையாது. போன வருடம் மே போட்டிக்கு அந்த அணியின் மேலாளர் இவனைப் பார்ப்பதற்கென்றே வருவதாக இருந்தது.

அதற்கு முன்னால் ஜனவரியில் கோமதி அவனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். மத்தியானம், சென்டரில் கூட்டமில்லாத நேரம். “ஏ படக்காரா, பய இடுப்பு வலிக்குங்கான். நீயே எடு. சின்னப் பொண்ணுக யாரும் வேண்டாம்” என்றான். எடுத்தேன். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சாய்த்துப் படுக்கவைத்து ஒன்று. அந்தச் சாய்ந்த படத்தில் முதுகெலும்பு வரிசையாக நாய்க்குட்டிகள் நிற்பதுபோலத் தெரியும். காது, மூக்கு, முன்னங்கால் எல்லாம் இருக்கும். நாய்க்குட்டியின் கழுத்தில் பட்டை கட்டியது மாதிரி கோடு தெரிந்தால் அங்கே கீறல் என்று அர்த்தம். இசக்கிக்கு அஞ்சாவது எலும்பில் தெரிந்தது. மெல்லிசாக, முடி மாதிரி.

டாக்டர் மூன்று மாதம் கட்டையைத் தொடாதே என்றார். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டான். “இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும்டே.” நான் சரி என்றேன். இன்றுவரைக்கும் அந்தப் படத்தை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. என் பேத்தி மேல் சத்தியமாகச் சொல்கிறேன்.

மே மாதம் வந்தது. முன்னோட்டம் எழுதினேன். கோமதி அன்றைக்குக் கடையில் இல்லை, பட்டன் வாங்க விருதுநகர் போயிருந்தான். எழுதியதை அப்படியே சொல்கிறேன், மனப்பாடம்: “இசக்கிராஜா. டிராக் ஃபிளிக்கில் நிகரில்லை. ஆனால் நாய்க்குட்டிக்குக் கழுத்துப்பட்டை விழுந்துவிட்டது. எடுக்காதீர்கள்.”

இதில் இடுப்பு என்று இருக்கிறதா? எலும்பு என்று இருக்கிறதா? நீங்களே சொல்லுங்கள்.

மகனாயிற்றே, கூட்டாளியின் பிள்ளையாயிற்றே, விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் ஆறு வருடமாக என் எழுத்தை நம்பி எட்டுப் பேர் தாள் நிரப்புகிறார்கள். அவர்களுக்குத் துரோகம் செய்யலாமா? ஒருத்தனுக்கு வேண்டியவன் என்று மறைத்தால் அது முன்னோட்டமா?

எங்களில் ஜெபராஜ் என்று ஒருவர், ரிட்டயர்டு டிரில் மாஸ்டர். அன்றைக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தார். வீட்டில் போய்ப் படிக்கிறேன் என்று நான்கு தாளையும் போனில் படம் பிடித்தார். அதைத் தன் மச்சானுக்கு அனுப்பினார். ஹாக்கிப் பிரியர், அவ்வளவுதான். அந்த மச்சான் எங்கே வேலை பார்க்கிறார் என்றால், அந்தத் துறை அணியில் சமையல். இதற்கு நான் என்ன செய்ய முடியும்? தாளில் எழுதியதுதான் நான். போனில் பிடித்தது அவர்.

இசக்கி ஆடினான். எப்படி ஆடினான் என்கிறீர்கள்? ஒன்பது கோல். அதில் ஏழு பெனால்டி கார்னர். ஒவ்வொன்றும் விழும்போது பையிலிருந்த தாளைத் தடவிப் பார்த்தேன். என் தாளில் அவன் இல்லையே. ஆறு வருடம் நாற்காலியில் இருந்தவன் கடைசி இடத்துக்குப் போனேன். ஜெபராஜ் கேலரியில் எழுந்து நின்று கத்தினார். “என்ன படக்காரரே, நாய்க்குட்டி பட்டைய அத்துட்டு ஓடுதே!” எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அன்றைக்கு மட்டும்தான்.

கடைசி நாள் மேலாளர் இசக்கியைக் கூப்பிட்டு, “தம்பி, முதுகுல ஏதும் உண்டா?” என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றிருக்கிறான். “எக்ஸ்ரே எடுத்ததே இல்லையா?” இல்லை என்றிருக்கிறான். அவர் போனை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினார். ஜெபராஜ் மச்சானுக்குச் சொன்ன விளக்கத்தைச் சமையல்காரர் அவரிடம் சொல்லிவிட்டார் போல. இசக்கி அதற்குப் பிறகு, எடுத்தேன், ஆறிவிட்டது, இன்னொரு படம் வீட்டில் இருக்கிறது என்றானாம். “முதல்ல எடுக்கலைன்னே. இப்ப ரெண்டு படம்ங்கே. அடுத்த வருசம் பாப்போம்” என்று போய்விட்டார். ஆறிவிட்டது என்று அவன் சொன்னதை நான் அப்போது நம்பவில்லை. படத்தைப் பார்க்காமல் நான் எதையும் நம்புகிறவன் இல்லை.

மறுநாள் கோமதி கடைக்குப் போனேன். ஆறுதல் சொல்லத்தான் போனேன் தம்பி. அவன் துணி வெட்டிக்கொண்டிருந்தான். கத்தரியைக் கீழே வைத்தான்.

“எம் புள்ள ஒம் முன்னால சட்டையக் கழட்டிட்டுப் படுத்தாம்லா. எதுக்குன்னு நெனச்ச?”

“நான் படத்தை யாருக்கும் காட்டலடே. எழுதத்தானே செஞ்சேன்” என்றேன்.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். மறுபடி கத்தரியை எடுத்தான். “ஒனக்கு அது வெளையாட்டு. போயிரு” என்றான். அவ்வளவுதான். நாற்பது வருடம், இரண்டு வார்த்தை.

அடுத்த வாரம் சென்டரில் வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்றார்கள். எனக்கு அறுபது ஆனது மூன்று வருடத்துக்கு முன்னால். அப்போது சொல்லாதவர்கள் இப்போது ஏன் சொல்ல வேண்டும்? புது மெஷின் வந்தது, அதனால் இருக்கும்.

பாருங்கள், சட்டைப் பையில் இருப்பது இந்த வருட டீம். கீப்பர் சென்னைப் பையன், உயரம் நல்லா இருக்கிறது. பேக் இரண்டு பேரும் துறை அணி. சென்டர் ஹாஃப் அரியலூர்க்காரன், மூச்சு விடாமல் ஓடுவான் என்கிறார்கள். என்கிறார்கள்! நான் ‘என்கிறார்கள்’ என்று எழுதியதே இல்லை தம்பி. இந்த வருடம் ஒரு படமும் கையில் இல்லை. குருட்டாம்போக்கில் பத்துப் பெயர் எழுதினேன். பதினோராவது இடத்தை மட்டும் காலியாக வைத்துக்கொண்டு இன்றைக்குக் காலையில் மதுரைக்கு வந்தேன்.

இசக்கி இப்போது மதுரையில்தான் இருக்கிறான். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ஏற்றி இறக்குகிற குடோன். நான் போனபோது ஒரு பெரிய ஃப்ரிட்ஜைத் தனியாளாக முதுகில் சாத்திக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். இடுப்பு தேறிவிட்டது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

என்னைப் பார்த்துவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்தான். “வாங்க மாமா. டீ சாப்பிடுதீங்களா?” அவனுக்கு அந்தக் குணம். தகப்பன் மாதிரி இல்லை.

டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் கேட்டேன், இந்த வருடம் ஆடுவாயா என்று. டம்ளரைக் கீழே வைத்தான். “செப்டம்பர் வந்தா இருவத்தஞ்சு முடியுது மாமா. அந்த மேலாளர் மாறிட்டாரு. புதுசா வந்தவருக்கு என்னையத் தெரியாது. நம்ம ஊரு கிளப்புல, பேரு குடுக்குற கடைசி நாள்ல சேத்துக்கிடுதோம்னாங்க. நேரா எறங்கி ஆடப் போறேன். அப்பாவுக்கே இன்னும் சொல்லல.”

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது தம்பி. இந்தச் சேதி எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியாது! சந்தோஷத்தில் சொல்கிறேன், அவனுக்காகத்தான்.

“இடுப்பு?” என்றேன்.

எழுந்து போய் தங்கியிருக்கிற அறையிலிருந்து ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தான். “தேதியப் பாருங்க” என்றான். போன வருடம் ஏப்ரல் பதினொன்று. திருநெல்வேலியில் எடுத்த படம். இதோ என் மடியில் இருப்பது அதுதான். ஒரு நிமிடம், வெளிச்சத்தில் பிடிக்கிறேன், பாருங்கள். இதுதான் அஞ்சாவது எலும்பு. இது நாய்க்குட்டியின் காது, இது மூக்கு. கழுத்தைப் பாருங்கள். பட்டை இருக்கிறதா? சுத்தம். பிறந்த பிள்ளை எலும்பு மாதிரி சுத்தம். நான் முன்னோட்டம் எழுதியது மே இரண்டாம் தேதி. மூன்று வாரம் முன்னாலேயே ஆறிப்போயிருக்கிறது. அப்பனும் மகனும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை!

சொல்லியிருந்தால் அதையும் எழுதியிருப்பேனே தம்பி.

“இதை ஏன்டா என்கிட்ட கொண்டு வரல?” என்று கேட்டேன். கவரை மூடி என் மடியில் வைத்தான். “மாமா, நீங்க எங்க வீட்டுக்குப் போங்க. அப்பா கையில இதக் குடுத்து, நான் ஆடப் போறேன்னு சொல்லுங்க. நான் சொன்னா வேண்டாம்பாரு. அந்த ஊரு மைதானத்துல கால வைக்கப்படாதுன்னு சத்தியம் வாங்கிருக்காரு. நீங்களே வந்து நின்னா மனசு எளகும். நீங்களும் பேசுன மாதிரி இருக்கும்” என்றான்.

பாருங்கள், என் மேல் அவனுக்கு எவ்வளவு நம்பிக்கை.

எழுந்திருக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டான். அவன் அப்பன் பிடித்த மாதிரியே. “மாமா, அப்பா கண்ணத் தவிர வேற கண்ணு இதப் பாக்கக் கூடாது. நல்ல படமா கெட்ட படமான்னு எவன் பாப்பான்? இடுப்புப் படம் சுத்துதுன்னுதான் சொல்லுவான். இந்தத் தடவையும் போச்சுன்னா நான் ஃப்ரிட்ஜ்தான் தூக்கணும் மாமா, சாகுற வரைக்கும்.”

“என்னைத் தெரியாதாடா உனக்கு?” என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்து யோசித்தேன். போன வருடம் நான் ஒரு தப்பான சேதி எழுதிவிட்டேன். தப்பை எழுதியவன் திருத்தம் எழுத வேண்டாமா? பேப்பர்க்காரன்கூட மறுநாள் ஒரு மூலையில் வருந்துகிறோம் என்று போடுகிறான். தாள் டீமுக்கு இப்போது வாட்ஸப் குரூப் வைத்திருக்கிறோம். தையல் கடைப் படி ஏற முடியாதே, வேறு எங்கே கூடுவது? அதே ஒன்பது பேர்தான், வெளியாள் கிடையாது. கோமதியும் அதில் இருக்கிறான். ஒரு வார்த்தை எழுத மாட்டான், ஆனால் வெளியே போகவும் இல்லை. டீமைக் கொடுக்க இன்று சாயங்காலம் ஐந்து மணி கெடு.

என் பதினோரு பேரையும் எழுதி அனுப்பினேன். பதினோராவது இடத்தில் இசக்கி பெயரை எழுதவில்லை. ‘உள்ளூர்க்காரன் ஒருவன், கடைசி நாள் வருவான்’ என்று மட்டும் எழுதினேன். கீழே, ‘நாய்க்குட்டிக்குப் பட்டை இல்லை. போன வருடம் எழுதியதற்கு வருந்துகிறேன்’ என்று போட்டேன். வெறும் சொல்லை எவன் நம்புவான்? அதனால் இந்தப் படத்தை பஸ் ஸ்டாண்ட் கண்ணாடியில் பிடித்து ஒரு போட்டோ எடுத்துக் கூட அனுப்பினேன். பெயரைக் கட்டைவிரலால் மறைத்துத்தான் எடுத்தேன். ஊரும் வயதும் மட்டும்தான் தெரியும். அது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

நீங்கள் ஏன் கவரை அந்தப் பக்கம் மாற்றிவிட்டீர்கள்? இங்கேயே இருக்கட்டுமே, வெயில் படாது.

அப்போதிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஜெபராஜ் இரண்டு தடவை கூப்பிட்டார். அந்தப் பையன் யார் என்று அறிய ஆசையாக இருக்கும். இசக்கி நான்கு தடவை. பஸ் சத்தத்தில் எடுத்தால் ஒன்றும் கேட்காது என்று விட்டுவிட்டேன். குரூப்பில் எவனாவது அவனுக்கு வாழ்த்துச் சொல்லியிருப்பான், அதுவாக இருக்கும்.

இதோ, மறுபடி. இருங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். யார் இது... தம்பி! கோமதி! கோமதிநாயகம் கூப்பிடுகிறான்! ஒரு வருடம் கழித்துக் கூப்பிடுகிறான் பாருங்கள், நான் சொன்னேனா இல்லையா? ஒரு திருத்தம் போட்டால் போதும், மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை.

ஹலோ... ஹலோ, கோமதி, நான் உன்னைத்தான் பார்க்க வந்துக்கிட்டு... கோமதி, அழாதடே. கொஞ்சம் மெதுவாச் சொல்லு, பஸ்ல இருக்கேன்... யாரு? சமையக்காரனா? புது மேலாளர்ட்ட காட்டிட்டானா? அவனுக்கு யாரு அனுப்புனா... நான் பேரை மறைச்சுத்தான்டே...

வைத்துவிட்டான்.

எங்கே எழுந்துவிட்டீர்கள் தம்பி? இது சாத்தூர். கவரை மார்போடு அப்படிப் பிடிக்காதீர்கள், மடிப்பு விழும். உட்காருங்கள், கோவில்பட்டிக்குத்தானே டிக்கெட் எடுத்தீர்கள்?